அடித்தொண்டைக் குரல் எவ்வளவு கீழே போகும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குன்னூரில் ஒரு சர்ச் கொயரில் பேஸ் வரிசையை, அதாவது ஆண்களின் அடிக்குரல் வரிசையை, பார்த்துக்கொள்கிறேன். நவம்பர் பிறந்து கேரல் பயிற்சி தொடங்கிவிட்டால் போதும், புதிதாகச் சேர்ந்த பையன்கள் போனை நீட்டி, "அண்ணே, இந்த ஆளு இவ்வளவு கீழ பாடுறாரே, நெசமா?" என்று ஆரம்பித்துவிடுவார்கள். கச்சேரிப் பக்கம் இருக்கிற நண்பர்கள் அதையே கட்டைக் கணக்கில், அதாவது கர்நாடக சங்கீதச் சுருதிக் கணக்கில், கேட்பார்கள். எல்லாருக்கும் தனித்தனியாகச் சொல்லி மாளாது, அதனால் இந்தப் பக்கம்.

மனிதன் பாடக்கூடிய மிகத் தாழ்ந்த சுரம் எது? சுற்றி வளைக்காமல் ஒரு எண் சொல்லுங்கள்.

ஒரே எண் கேட்டால் தப்பான பதில்தான் கிடைக்கும். தொண்டை எவ்வளவு மெதுவாக அதிரும், அந்த அதிர்வு எதுவரை பாட்டாக நிற்கும், எதிரே உட்கார்ந்திருப்பவர் காதில் எது விழும் என்று மூன்று கேள்விகள் இதற்குள் இருக்கின்றன. மூன்றுக்கும் மூன்று பதில்.

முதல் கேள்விக்குப் பதில் கின்னஸ் புத்தகத்தில் இருக்கிறது. அமெரிக்கப் பாடகர் டிம் ஸ்டார்ம்ஸ் 2012 மார்ச் 30 அன்று 0.189 ஹெர்ட்ஸ் எட்டியதாகப் பதிவு. ஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு எத்தனை அதிர்வு என்ற கணக்கு. 0.189 என்றால் ஒரு அதிர்வு முடிய ஐந்து நொடிக்கு மேல் ஆகும். மனிதக் காது சுமார் 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே சுரம் என்று எதையும் உணராது. ஆக அந்தச் சுரத்தை அவர் உட்பட யாருமே கேட்கவில்லை, கருவிதான் கேட்டது. குரல்நாண்களை அவ்வளவு மெதுவாகத் திறந்து மூட முடிவது பெரிய கட்டுப்பாடுதான், அவர் நிஜமாகவே அபூர்வமான பேஸ் பாடகரும்கூட. ஆனால் அந்த எண்ணைப் பாட்டுக் கணக்கில் சேர்க்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

சுரம் ஆடாமல் நிற்க வேண்டும், அதில் ஒரு சொல்லாவது புரிய வேண்டும், மைக் இல்லாமல் கடைசி பெஞ்சு வரை ஏதோ ஒரு அளவுக்காவது போய்ச் சேர வேண்டும். இரண்டாவது கேள்விக்கு என்னுடைய அளவுகோல் இதுதான். இப்படிப் பார்த்தால் உலகத்திலேயே மிகச் சிலருக்கு 45 முதல் 60 ஹெர்ட்ஸ் வாக்கில் தரை தட்டிவிடும். மற்ற எல்லாருக்கும் அதற்கு வெகு முன்னாலேயே. மூன்றாவது கேள்விக்குக் கீழே போன் ஸ்பீக்கர் பகுதியில் வருகிறேன்.

ஹெர்ட்ஸெல்லாம் வேண்டாம், கட்டையில் சொல்ல முடியுமா?

தாராளமாக. ஒரு கட்டை சுருதி வைத்துக்கொள்ளுங்கள். ஆண் குரலின் மத்திய ஸ்தாயி சட்ஜம் சுமார் 131 ஹெர்ட்ஸ். ஒரு ஸ்தாயி இறங்கினால் எண் பாதியாகும் என்பதால் மந்தர சட்ஜம் 65, அனுமந்தர சட்ஜம் 33. கச்சேரியில் மந்தர பஞ்சமம் வரை, அதாவது 98 வரை, இறங்கி நின்றாலே சபையில் தலைகள் ஆடும்.

கொயரில் பேஸ் வரிசைக்கு வழக்கமாக எழுதுகிற அடிச்சுரம் 82 ஹெர்ட்ஸ். அது இதே சுருதியில் மந்தர அந்தர காந்தாரம். 1782இல் வியன்னாவில் அரங்கேறிய ஓபராவில் ஆஸ்மின் என்கிற பாத்திரத்துக்கு மோட்சார்ட் 73 வரை எழுதினார், அது சதுச்ருதி ரிஷபம். ஓபரா உலகத்தில் அதையே பெரிய இறக்கமாகச் சொல்வார்கள். ரஷ்ய சர்ச் இசைக்குப் போனால் கதை மாறுகிறது: ராக்மானினோவின் 1915ஆம் வருட இரவு வழிபாட்டு இசையில் ஐந்தாவது பகுதி முடியும் இடத்தில் பேஸ் குரல்கள் படிப்படியாக 58 ஹெர்ட்ஸுக்கு இறங்கும், அதாவது அனுமந்தர கைசிகி நிஷாதம். செஸ்னகோவ் எழுதிய ஒரு பிரார்த்தனைப் பாடலில் தனிக் குரலாக ஒருவர் 49 வரை, அனுமந்தர பஞ்சமம் வரை, போயாக வேண்டும். பியானோவின் இடது ஓரத்துக் கடைசிக் கட்டை 27.5 ஹெர்ட்ஸ். 49இலிருந்து அதற்கு ஒரு ஸ்தாயிகூட இடைவெளி இல்லை.

தொண்டைக்குள் என்ன நடந்தால் சுரம் இறங்குகிறது?

குரல்நாண்கள் தம்புராத் தந்தி மாதிரிதான் நடந்துகொள்கின்றன: நீளம் கூடினால், கனம் கூடினால், இழுப்பு குறைந்தால் சுரம் இறங்கும். ஆண்களுக்கு இவை சுமார் 17 முதல் 25 மில்லிமீட்டர், பெண்களுக்குச் சுமார் 12 முதல் 17. உங்களுக்குக் கிடைத்த நீளம் கிடைத்ததுதான், அதை மாற்ற முடியாது. பாடும்போது நம் கையில் இருப்பது இழுப்பும் தடிமனும் மட்டும்.

குரல்நாணை இழுத்து மெலிதாக்க ஒரு தசை, அதற்குள்ளேயே இருந்து சுருக்கித் தடிப்பாக்க இன்னொரு தசை. கீழே போகும்போது முதலாவது கிட்டத்தட்ட முழுதாக விட்டுக்கொடுக்கிறது. நாண்கள் தளர்ந்து, குட்டையாகி, தடித்து, மந்தமாக மோதிக்கொள்கின்றன. இங்கேதான் எங்கள் பையன்கள் எல்லாரும் சறுக்குகிறார்கள். கீழ்ச்சுரம் பலமாக வரவேண்டும் என்று மூச்சை அழுத்துகிறார்கள். நுரையீரலிலிருந்து வரும் காற்றழுத்தம் கூடினால் தளர்ந்த நாண் மறுபடி விறைத்துச் சுரம் மேலே ஏறிவிடும். கன்னம் சிவக்கிறது, கழுத்து நரம்பு புடைக்கிறது, சுரம் மட்டும் இறங்க மாட்டேன் என்கிறது. கீழே போகப் போகக் காற்று குறைய வேண்டும். இதை எத்தனை முறை சொன்னாலும் முதல் கேரல் சீசன் முடியும்வரை யாரும் நம்புவதில்லை.

கீழே போனால் ஒரு கட்டத்தில் 'கர்ர்ர்' என்று தனித்தனியாக உடைந்து கேட்கிறதே, அது பாட்டா?

அதற்கு ஃப்ரை என்று பெயர். சாதாரணமாகச் சுமார் 70 ஹெர்ட்ஸுக்குக் கீழே குரல்நாண்கள் பெரும்பாலான நேரம் மூடியே கிடந்து, நடுநடுவே ஒரு சின்ன வெடிப்பாகத் திறக்கும். அடுத்த வெடிப்புக்குள் முந்தைய சத்தம் அடங்கிவிடுவதால் காது அவற்றைத் தனித்தனியாக எண்ண ஆரம்பிக்கிறது. காலையில் படுக்கையிலிருந்து யாரையாவது கூப்பிடும்போது வருவது இதுதான். எல்லாருக்கும் வரும், ஏன், பெண்களின் உச்சக் குரலான சோப்ரானோ பாடுகிற அக்காமார்களுக்கும் வரும்.

அதனால்தான் "நான் 40 ஹெர்ட்ஸ் பாடுகிறேன்" என்று யாராவது சொன்னால் உடனே வாய் பிளக்காதீர்கள். ஃப்ரையில் 40 என்பது சாதாரணம். சாதாரண மார்புக் குரலில், கோர்வையாக, உயிரெழுத்து தெளிவாக 55 என்றால் எழுந்து நின்று கைதட்டலாம்.

ரஷ்யாவில் மட்டும் எப்படி இப்படிப்பட்ட பாடகர்கள்?

அவர்களுக்கு ஆக்டவிஸ்ட் என்று பெயர். சாதாரண பேஸ் வரிசை பாடும் சுரத்தையே ஒரு ஸ்தாயி கீழே பாடுகிறவர்கள். நம் காலத்தில் விளாதிமிர் பஸ்யூகோவ், விளாதிமிர் மில்லர் போன்றவர்களைத் தேடிக் கேளுங்கள். ரஷ்யத் தொண்டையில் ஏதோ தனி வரம் இருக்கிறது என்கிற பேச்சில் எனக்கு நம்பிக்கை இல்லை. ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் வழிபாட்டில் வாத்தியம் கிடையாது, ஆர்கன்கூடக் கிடையாது. அந்த அடித்தளத்தை ஒரு மனிதன்தான் கொடுக்க வேண்டும். தேவை இருந்த இடத்தில் ஆளைத் தேடினார்கள், கண்டுபிடித்தார்கள், மதித்தார்கள். எங்கள் பக்கம் அதே குரல் இருந்தால் "கட்டைக் குரல், பாட வேண்டாம்" என்று பள்ளிக்கூடத்திலேயே உட்காரவைத்துவிடுவோம்.

ராக்மானினோவ் அந்த 58 ஹெர்ட்ஸ் முடிவை வாசித்துக் காட்டியபோது, கொயரை நடத்த இருந்த டனிலின், இப்படிப்பட்ட பேஸ்களுக்கு எங்கே போவது என்று தலையை ஆட்டினாராம். கடைசியில் ஆட்கள் கிடைத்தார்கள்.

இன்னொரு விஷயம், ஆக்டவிஸ்ட் தனியாக நின்றால் அவ்வளவு பலமாகக் கேட்காது. கொயரோடு நிற்கும்போதுதான் மாயம். அவருடைய குரலில் இருக்கும் இரட்டிப்பு அதிர்வுகள் மேலே பாடுகிறவர்களின் சுரத்தோடு பொருந்தி, மொத்தக் கட்டடமும் ஓர் அடி கீழே இறங்கினாற்போல் இருக்கும். எங்கள் கொயரில் அப்படி யாரும் இல்லை.

திபெத்திய லாமாக்கள் ஓதுவதும் தென் சைபீரியாவின் தூவா பகுதி நாட்டுப் பாட்டும் அதே வித்தையா?

இல்லை, அது வேறு வழி. உண்மையான குரல்நாண்களுக்குச் சற்று மேலே இன்னொரு ஜோடி மடிப்பு இருக்கிறது, பொய்க் குரல்நாண்கள் என்பார்கள். சாதாரணப் பேச்சில் அவை சும்மா கிடக்கும். தூவாவின் கார்கிரா என்ற பாட்டுப் பாணியில் அவற்றையும் நெருக்கி அதிரவைப்பார்கள். கீழே உண்மையான நாண்கள் இரண்டு முறை அதிர்ந்தால் மேலே இவை ஒரு முறை. மொத்தச் சத்தமும் இரண்டு அதிர்வுக்கு ஒருமுறைதான் திரும்ப வருகிறது என்பதால் காதுக்குச் சுரம் சரியாக ஒரு ஸ்தாயி இறங்கிவிடுகிறது. பாடகர் 120இல் நிற்பார், நமக்கு 60 கேட்கும். சார்டீனியா தீவில் நால்வர் சேர்ந்து பாடும் பாட்டிலும் அடிக்குரல்காரர் இதைத்தான் செய்கிறார். க்யூடோ என்ற திபெத்திய மடத்து லாமாக்களின் ஓதலைப் பற்றி 1967இலேயே அமெரிக்க ஒலியியல் இதழில் கட்டுரை வந்துவிட்டது.

தானாகக் கற்றுக்கொள்ளலாமா என்றால், இருமலோ வலியோ வந்த நிமிடத்தில் நிறுத்துகிற புத்தி இருந்தால் முயன்று பாருங்கள். முறையாகச் செய்தால் தொண்டை நோகக் கூடாது.

யானை உறுமுவதும் இதுவும் ஒன்றுதானா? முதுமலைப் பக்கம் போகும்போது நெஞ்சில் ஏதோ அதிர்கிற மாதிரி இருக்கிறது.

கூடலூரிலிருந்து வரும் எல்லாரும் கேட்கும் கேள்வி, எனக்கும் பிடித்த கேள்வி. 1980களில் கேட்டி பெய்ன் என்ற ஆய்வாளர், ஆசிய யானைக் கொட்டடி பக்கத்தில் நின்றபோது காற்றில் ஒரு துடிப்பை உணர்ந்து, பதிவு செய்து பார்த்தார். யானைகள் 14 முதல் 24 ஹெர்ட்ஸில் பேசிக்கொண்டிருந்தன. பெரும்பகுதி நம் காதின் எல்லைக்குக் கீழே.

அதை எப்படி உண்டாக்குகின்றன என்பதில் ரொம்ப நாள் குழப்பம். பூனை குறுகுறுப்பதைப் பற்றிச் சொல்வார்களே, அதுபோலத் தசையைத் திரும்பத் திரும்பச் சுருக்கியா, இல்லை நம்மைப் போலக் காற்றாலா? 2012இல் ஹெர்ப்ஸ்ட் என்ற ஆய்வாளரின் குழுவினர், இயற்கையாக இறந்த ஒரு யானையின் குரல்வளையை எடுத்து, அதன் வழியே வெறும் காற்றைச் செலுத்திப் பார்த்தார்கள். மூளை இல்லை, நரம்பு இல்லை, தசை இயங்க வழியே இல்லை, இருந்தும் உறுமல் வந்தது. ஆக நாம் பாடுவதும் யானை உறுமுவதும் ஒரே பௌதிகம். அதன் குரல்நாண் சுமார் 10 சென்டிமீட்டர், நமக்கு 2. அவ்வளவுதான் வித்தியாசம். யானையோடு போட்டி வேண்டாம் என்று பையன்களுக்குச் சொல்லிவைத்திருக்கிறேன். பர்லியார் பக்கம் நிஜ யானை வந்தால் எப்படியும் யாரும் பாட மாட்டார்கள்.

அவ்வளவு தாழ்ந்த சுரத்தைப் போன் ஸ்பீக்கரில் எப்படிக் கேட்கிறோம்? அதில் பேஸே வராதே.

வராது, ஆனாலும் கேட்கிறோம். 55 ஹெர்ட்ஸில் ஒருவர் பாடினால் அந்தக் குரலில் 55 மட்டுமா இருக்கிறது? 110, 165, 220, 275 என்று வரிசையாக அதன் மடங்குகள் எல்லாம் இருக்கின்றன. போன் ஸ்பீக்கர் கீழே உள்ளவற்றை விழுங்கிவிட்டாலும், மேலே மிஞ்சிய மடங்குகளுக்கு இடையே எல்லா இடத்திலும் 55 இடைவெளி இருப்பதை மூளை பிடித்துக்கொண்டு, இல்லாத அடிச்சுரத்தைத் தானே நிரப்பிவிடுகிறது. பழைய தொலைபேசி 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே எதையுமே அனுப்பாது. இருந்தும் தாத்தாவின் குரலைத் தாத்தாவின் குரலாகத்தானே கேட்டோம்.

இது போனுக்கு மட்டும் இல்லை, நேரில் கேட்கும்போதும் கிட்டத்தட்ட இதுதான் நடக்கிறது. 55 ஹெர்ட்ஸ் ஒலி அலையின் நீளம் ஆறு மீட்டருக்கு மேல், நம் வாயோ சில சென்டிமீட்டர். இவ்வளவு சின்ன வாயால் அவ்வளவு பெரிய அலையை வலுவாக வெளியே தள்ள முடியாது. தொண்டையிலிருந்து உதடு வரை உள்ள குழாயின் முதல் ஒத்ததிர்வு 500 ஹெர்ட்ஸ் வாக்கில் இருப்பதால் அதுவும் கை கொடுக்காது. கேட்பவர் காதும் சதி செய்கிறது: 1000 ஹெர்ட்ஸில் சுழிய டெசிபல் பலத்துக்குப் பக்கத்திலேயே கேட்கத் தொடங்கும் காதுக்கு, 50 ஹெர்ட்ஸில் 44 டெசிபல் இருந்தால்தான் ஏதோ இருக்கிறது என்றே தெரியும். 20 ஹெர்ட்ஸில் அது 78க்கு மேல். ஆக மனிதக் குரலின் கீழ் எல்லையைத் தீர்மானிப்பதில் தொண்டைக்கு இருக்கும் அதே அளவு பங்கு காதுக்கும் உண்டு.

மைக் வைத்தால் சரியாகிவிடுமா?

நிறையச் சரியாகும். பாடகர்கள் பிடிக்கும் சாதாரண மேடை மைக்கை உதட்டோடு ஒட்டிப் பிடித்தால் அடிச்சுரங்கள் தானாகவே தூக்கலாகும். இணையத்தில் மயங்கவைக்கும் ஆழக் குரல்களில் பாதி இந்த நெருக்கம்தான். ஏமாற்று என்று சொல்ல மாட்டேன், அதுவும் ஒரு வாத்தியம். ஆனால் அதே ஆளை மைக் இல்லாமல் எங்கள் சர்ச்சில் நிறுத்தினால் முதல் பெஞ்சுக்குக்கூடக் கேட்காமல் போகலாம்.

வீடியோ போலியா என்று எப்படித் தெரியும்?

கம்ப்யூட்டரில் சுரத்தை மொத்தமாக இறக்கினால் உயிரெழுத்துகளின் நிறமும், அதாவது ஒலிச்சாயலும், சேர்ந்து இறங்கும், கழுத்து இரண்டடி நீளமான ராட்சசன் பேசுவது போலிருக்கும். மெய்யெழுத்துகளைக் கவனியுங்கள். 'ச', 'த' எல்லாம் மழுங்கிக் கேட்டால் சந்தேகப்படலாம். நிறத்தைக் காப்பாற்றிக்கொண்டு சுரத்தை மட்டும் இறக்கும் மென்பொருள்களும் இருப்பதால் இந்தச் சோதனை எப்போதும் பலிக்காது.

ஊட்டி, கொடைக்கானல் குளிரில் குரல் கீழே இறங்குமா? இங்கே எல்லாருக்கும் கரகரப்பான குரல் என்கிறார்களே.

ஊட்டி 2,240 மீட்டர் உயரம், காற்று கடற்கரையை விட லேசு. ஆனால் உயரம் குரலின் சுரத்தை இறக்காது. குளிரும் இறக்காது, வாய்க்குள் இருக்கும் காற்று உடம்புச் சூட்டில்தான் இருக்கிறது. புல்லாங்குழலுக்குத்தான் பிரச்சினை. 20 டிகிரியில் சேர்த்த குழலை 10 டிகிரி அறையில் எடுத்தால், ஊதிச் சூடேறும்வரை அரைச்சுரத்தில் மூன்றிலொரு பங்கு வரை இறங்கி நிற்கும். குரலும் குழலும் சேரவில்லை என்று டிசம்பரில் வரும் சண்டையில் தப்பு பாடகர் மேல் இல்லை.

காலையில் குரல் கீழே இருப்பது வேறு காரணம். இரவெல்லாம் படுத்திருந்ததில் குரல்நாண்களில் லேசாக நீர் கோத்துக் கனத்திருக்கும், பேசாமல் இருந்ததில் தசையும் தளர்ந்திருக்கும். எழுந்து நடமாடிப் பேசினால் கொஞ்ச நேரத்தில் போய்விடும். ஜனவரியில் உறைபனி விழும் நாட்களில் காற்று வறண்டு தொண்டை காய்வதால் கரகரப்பு வரும், அதை ஆழம் என்று நினைத்துவிடக் கூடாது. தண்ணீர் குடியுங்கள். வர்க்கி தண்ணீர்க் கணக்கில் சேராது என்று சொன்னால் எங்கள் பையன்களுக்குக் கோபம் வருகிறது.

பயிற்சியால் எவ்வளவு கீழே இறக்கலாம்?

மேல் ஸ்தாயியில் பயிற்சி நிறையத் தரும், கீழே கஞ்சத்தனம்தான். கழுத்தைத் தளர்த்தி, காற்றைக் குறைத்து, குரல்வளையை வலிந்து கீழே அழுத்தாமல் பாடப் பழகினால் ஏற்கெனவே இருக்கும் சுரங்கள் தெளிவாகும், கூடுதலாக ஒன்றிரண்டு கிடைக்கலாம். அதற்கு மேல் நீளமும் கனமும்தான் பேசும். பிளஸ் டூ பையன்கள் அவசரப்பட வேண்டாம், பேஸ் குரல் முப்பதுகளில்தான் முழுதாகப் பழுக்கும்.

உயரமான ஆளுக்குத்தான் தாழ்ந்த குரலா?

அதை அதிகம் நம்ப முடியாது. எங்கள் வரிசையில் அடிச்சுரம் போகிறவர் எல்லாரையும்விடக் குட்டை.

பெண்கள்?

கனடாவின் ஜாய் சாப்மன் 2021இல் 33.57 ஹெர்ட்ஸ் எட்டிக் கின்னஸில் இருக்கிறார். பாட்டு என்று பார்த்தால் பெண்களில் மிகத் தாழ்ந்த வகை கான்ட்ரால்டோ, அது அபூர்வம். மாதவிடாய் நின்ற பிறகு பெண் குரல் சற்று இறங்குவது இயல்பு. எங்கள் கொயரில் ஆண்களின் மேல் குரலான டெனர் வரிசைக்கு ஆள் போதாதபோது இரண்டு ஆன்ட்டிகள்தான் காப்பாற்றுகிறார்கள்.

ஹீலியம் குடித்தால் கீச்சுக் குரல் வருகிறதே, கீழே இறக்க ஒரு வாயு கிடையாதா?

ஹீலியம் சுரத்தை ஏற்றுவதில்லை, வாய்க்குழாயின் நிறத்தை மட்டும் மாற்றுகிறது. சல்ஃபர் ஹெக்ஸாஃப்ளோரைடு அதற்கு நேர் எதிர். காற்றைவிட ஐந்து மடங்கு கனமானது, நுரையீரலில் ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். வேண்டாம்.

சளி பிடித்தபோது அருமையாகக் கீழே போகிறது. சிகரெட் பிடித்தால் நிரந்தரமாகிவிடும் என்று ஒருவர் சொன்னார்.

அவரோடு சேராதீர்கள். சளியிலும் புகையிலும் குரல்நாண் வீங்குகிறது, வீங்கியது கனக்கிறது, சுரம் இறங்குகிறது. கூடவே மேல் சுரங்களும் தெளிவும் போய்விடும். புகைப்பவர்களுக்கு இந்த வீக்கம் நிலைத்துவிடுவதற்கு ரெய்ன்கே வீக்கம் என்றே தனிப் பெயர் உண்டு, அது நோய். தைராய்டு சுரப்பு குறைந்தாலும் குரல் கனக்கும். காரணமில்லாமல் குரல் மாறி மூன்று வாரத்துக்கு மேல் சரியாகாவிட்டால் காது மூக்கு தொண்டை டாக்டரைப் பாருங்கள், புகைப்பவர் என்றால் தள்ளிப்போடவே வேண்டாம்.

ஆபரேஷன் செய்து இறக்கலாமா?

ஜப்பானிய மருத்துவர் இஷிகி 1970களில் வகுத்த முறை ஒன்று இருக்கிறது. குரல்வளையின் முன்னால் இருக்கும் தைராய்டு குருத்தெலும்பைக் கொஞ்சம் குறைத்துக் குரல்நாணைத் தளர்த்துவார்கள். பருவம் வந்தும் குரல் உடையாத ஆண்களுக்கு, பேச்சுப் பயிற்சியும் பலிக்காத நிலையில் செய்வது. கேரலில் கெத்து காட்டச் செய்வதில்லை.

என்னுடைய அடிச்சுரத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

காலையில் வேண்டாம், மத்தியானத்துக்கு மேல் பாருங்கள். கீபோர்டில் 131 ஹெர்ட்ஸ் சட்ஜத்திலிருந்து ஒவ்வொன்றாக இறங்கி, ஒவ்வொரு சுரத்திலும் 'ஆமென்' என்று நாலு எண்ணும்வரை பிடியுங்கள். 'ஆ'வும் 'மெ'யும் ஒரே சுரத்தில் நின்று, அறையின் மறுமூலையில் இருப்பவருக்குச் சொல் புரிந்தால் அது உங்கள் கணக்கில் சேரும். உடைந்து கர்ர் என்று போனால் சேராது. போனில் சுரம் காட்டும் ஆப்கள் ஃப்ரையில் தடுமாறி ஒரு ஸ்தாயி கூட்டியோ குறைத்தோ காட்டும் என்பதால் கீபோர்டோடு ஒப்பிட்டே எழுதிக்கொள்ளுங்கள். 82 வந்தால் பேஸ் வரிசைக்கு வரலாம். 98இலேயே நின்றுவிட்டால் ஆண்களின் நடுக்குரலான பாரிடோன், பெரும்பாலான ஆண்கள் அதுதான், அவர்களையும் பேஸ் வரிசையிலேயே நிறுத்திக்கொள்கிறோம், மிகக் கீழே போகும் இடங்களில் மட்டும் வாயை மூடிக்கொண்டால் போதும்.